வறட்சியில் காய்ந்த ஸ்காட்லாந்து மைதானங்கள்: ஆகஸ்ட் கோல்ஃப் பயணத்தைத் தள்ளிப்போடலாமா?

கோவை_குமரன்

வணக்கம் நண்பர்களே. கோவையிலிருந்து நாங்கள் நான்கு பேர் ஆகஸ்டில் கோல்ஃப் விளையாட ஸ்காட்லாந்து கிளம்புகிறோம். செயின்ட் ஆண்ட்ரூஸ் பக்கம் தங்கல். கார்னூஸ்டி உறுதியாகிவிட்டது. செயின்ட் ஆண்ட்ரூஸின் புகழ்பெற்ற ஓல்ட் கோர்ஸ் மைதானத்துக்குக் குலுக்கலில் பெயர் கொடுக்கப் போகிறோம். திரும்பும் வழியில் லண்டனுக்கு வெளியே இரண்டு பார்க்லாண்ட் (மரங்கள் சூழ்ந்த உள்நாட்டு) மைதானங்கள். விசா, விமான டிக்கெட் எல்லாம் ஆகிவிட்டது.

இப்போது வரும் படங்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஃபேர்வே (பந்தை அடித்துக்கொண்டு போகும் வெட்டிய புல்வெளி) எல்லாம் வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது. எங்கள் குழுவில் மூத்தவருக்கு அறுபத்தெட்டு வயது. வாழ்நாள் ஆசை என்று பணம் சேர்த்து வருகிறார். அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டாந்தரையில் நிறுத்திவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடலாமா? அங்கே இருப்பவர்கள், விளையாடியவர்கள் சொல்லுங்கள்.

சரே_நாதன்

தம்பி குமரன், ஸ்கொட்லாந்துக்குக் கட்டாயம் போங்கோ. அதில யோசிக்க ஒண்டுமில்லை. நான் லண்டன் பக்கத்துச் சரேயில கன காலமா இருக்கிறன். காய்ஞ்ச வருசங்களில கடற்கரைப் பக்கம் போய் விளையாடினாத்தான் லிங்க்ஸ், அதான் அந்தக் கடற்கரை மணல் நிலத்து மைதானம், எண்டா என்ன எண்டு விளங்கும்.

2006 இல இங்கிலாந்தில ஹொய்லேக்கில பிரிட்டிஷ் ஓபன் போட்டி நடந்தது. ஃபேர்வே முழுக்க மண் நிறம். டைகர் வுட்ஸ் நாலு நாளிலயும் தூரம் அடிக்கிற டிரைவர் மட்டையை ஒரே ஒரு தரம்தான் எடுத்தவர். மற்ற நேரமெல்லாம் நீளமான அயன் மட்டையால அடிச்சு உருளவிட்டு, 18 அண்டரில, அதாவது பார் எண்ட நிர்ணயிச்ச அடிக் கணக்கைவிட 18 குறைவா, வெண்டவர். அந்த ஆட்டத்தைப் பச்சைப் புல்லில அவராலயும் ஆடியிருக்கேலாது. 2003 இல சாண்ட்விச்சிலயும் நிலம் அப்பிடித்தான் இறுகிக் கிடந்தது. அந்த வருசம் பாருக்குக் கீழ முடிச்ச ஒரே ஆள் பென் கர்ட்டிஸ்.

எனக்குப் பயமெண்டா உங்கட லண்டன் பக்கத்து ரெண்டு மைதானத்திலதான். 2025 இல இங்கிலாந்தில வசந்தகாலம் நூறு வருசத்துக்கு மேலாக் காணாத அளவுக்கு வறண்டது. களிமண் நிலத்துப் பார்க்லாண்டில ஃபேர்வே பாளம் பாளமா வெடிச்சுப் போகும். வெடிப்புக்குள்ள பந்து இறங்கினா எடுக்க ஏலாத இடங்களும் இருக்கு. அந்த ரெண்டையும் மாத்தப் பாருங்கோ.

புல்லும்_மண்ணும்

நாதன் சார் சொன்னதற்குக் காரணம் புல்லிலேயே இருக்கிறது. நான் அமெரிக்காவில் வட கரோலினாவில் மைதானப் பராமரிப்பில் வேலை செய்கிறேன். கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இது புரிந்துவிட்டால் எந்த நாட்டுக்கு எந்த மாதம் போனாலும் நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

கோல்ஃப் புற்களில் இரண்டு சாதி. குளிர்காலப் புற்கள்: ஃபெஸ்க்யூ, பென்ட், ரை, போவா. இவற்றின் இலை நன்றாக வளர்வது சுமார் 16 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை. வேருக்கு அதைவிடக் குளிர்ச்சி வேண்டும். வெப்பகாலப் புற்கள்: பெர்முடா, சோய்சியா, பாஸ்பாலம். இவற்றுக்கு 27 முதல் 35 டிகிரிதான் கொண்டாட்டம். நம் ஊரில் அருகம்புல் என்கிறோமே, அதுதான் பெர்முடா. சித்திரை வெயிலிலும் அது ஏன் சாவதில்லை என்று இப்போது தெரியும்.

ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இருப்பது பெரும்பாலும் ஃபெஸ்க்யூ. மெல்லிய இலை, ஆழமான வேர். மழை நின்றால் இலையைக் காயவிட்டு, மண்ணோடு ஒட்டிய குருத்தை மட்டும் உயிரோடு வைத்துக்கொண்டு உறங்கிவிடும். இலைக்குத்தான் வைக்கோல் நிறம், செடிக்குச் சாவு இல்லை. நல்ல மழை பெய்தால் இரண்டு மூன்று வாரத்தில் பச்சை திரும்பிவிடும். அடியில் மணல் என்பதால் நிலம் வெடிக்காது. பந்து ஓடும், அவ்வளவுதான்.

பார்க்லாண்ட் கிரீன்களில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) போவா அதிகம். வேர் மேலாகவே இருக்கும், வெயில் ஏறினால் இன்னும் சுருங்கும். இங்கேதான் வறட்சியையும் வெப்பத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வெறும் வறட்சியைச் சமாளித்துவிடலாம், குழாய் இருக்கிறது. வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்தால்தான் ஆபத்து. நீர் நிறைந்த மண் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்று உள்ளே போகாது, வேர் அழுகும். "காய்கிறதே, இன்னும் தண்ணீர் விடலாமே" என்று விருந்தினர்கள் எங்களிடம் சொல்வார்கள். நண்பகலில் அப்படி மொத்தமாக விட்டால் அந்த கிரீனை இழந்துவிடுவோம். அதனால்தான் ஆட்கள் ஈரமானியை மண்ணில் குத்திக் குத்திப் பார்த்து, காய்ந்த திட்டுக்கு மட்டும் கையால் நீர் விடுகிறார்கள். நடுப்பகலில் அவர்கள் லேசாகத் தூவுவது வேருக்காக இல்லை. இலையின் சூட்டைத் தணிக்கத்தான்.

இன்னொன்றும் உண்டு. நெடுநாள் காய்ந்த மணலின் மேல் மெழுகு போன்ற ஒரு பூச்சு படிந்து, தண்ணீரை உள்ளே விடாது. அடுத்தடுத்த இரண்டு அடி இடத்தில் ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு என்று திட்டுத்திட்டாகத் தெரிந்தால் காரணம் அதுதான். அதற்கென்று ஈரமூட்டி மருந்து தெளிப்போம். பராமரிப்புக் குறை என்று நினைத்துக் கோபப்பட வேண்டாம்.

வெப்ப நாட்களில் கிரீன் மெதுவாக இருக்கும் என்பதையும் எதிர்பார்த்துப் போங்கள். புல்லைக் காப்பாற்ற வெட்டும் உயரத்தைக் கூட்டுவோம், சில நாள் வெட்டாமல் உருளை மட்டும் ஓட்டுவோம்.

கோவை_குமரன்

எவ்வளவு பெரிய விளக்கம்! மிக்க நன்றி சார். மூத்தவரிடம் படித்துக் காட்டினேன். அருகம்புல் என்றதும் அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது.

அடுத்த சந்தேகம். செட்டிப்பாளையத்தில் விளையாடும் ஆட்டத்தை வைத்துக்கொண்டு அந்த இறுகிய தரையில் எப்படி ஆடுவது? நாங்கள் எல்லோரும் பந்தை உயரத் தூக்கிக் கிரீனில் இறக்கிப் பழகியவர்கள்.

லிங்க்ஸ்_லதா

குமரன் தம்பி, அந்தப் பழக்கத்தைக் கிளம்பும் முன்னாலேயே மாற்றிக்கொள்ளுங்கள். இருக்கும் வாரங்களில் இது ஒன்றைப் பழகினால் போதும்.

நான் எடின்பரோவில் இருக்கிறேன். 2018 கோடையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் இருக்கும் ஃபைஃப் கரை முழுக்கக் காய்ந்து கிடந்தது. அந்த ஜூலையில் கார்னூஸ்டியில் ஓபன். பயிற்சி நாட்களிலேயே கடைசி ஹோலில் பந்து 400 கெஜத்துக்கும் மேல் ஓடியது. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அந்த ஹோலில் குறுக்கே பாரி பர்ன் ஓடை இருக்கிறது. ஈரமான வருடத்தில் எட்டவே எட்டாத தண்ணீர், காய்ந்த வருடத்தில் ஆட்டத்துக்குள் வந்துவிடுகிறது. பங்கர் என்கிற மணல் குழிகளும் அப்படியே. பந்து விழும் இடத்தைப் பார்த்து அடிக்காதீர்கள், ஓடி நிற்கும் இடத்தைப் பார்த்து அடியுங்கள். தொலைவு காட்டும் கருவி 150 என்று சொன்னால் 125க்கு அடித்து உருள விட வேண்டியிருக்கும். காற்று பின்னால் இருந்தால் இன்னும் குறைவு.

கிரீனுக்கு முன்னால் உள்ள தரையை நடந்து பாருங்கள், மேடு பள்ளம் எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று. பெரும்பாலான இடங்களில் முன்பக்கம் திறந்திருக்கும். ஏழு அயனை எடுத்துப் புட் போடுவது போல (கிரீனில் குழியை நோக்கி உருட்டுவது போல) தட்டிவிட்டால் போதும். முப்பது கெஜத்திலிருந்து புட்டரையே எடுக்கலாம், இங்கே யாரும் வேறு மாதிரிப் பார்க்க மாட்டார்கள். பந்தை உயர எழுப்பும் வெட்ஜ் மட்டை கொண்டுவருவதாக இருந்தால் அடிப்பாகம் தடித்தது வேண்டாம். இறுகிய தரையில் அது எகிறிப் பந்தின் நடு வயிற்றில் அடித்துவிடும்.

2022இல் ஓல்ட் கோர்ஸில் 150ஆவது ஓபன் நடந்தபோது ஃபேர்வேயில் பந்து ஓடும் வேகம் கிரீனைவிட அதிகம் என்று ஆட்டக்காரர்களே சொன்னார்கள். கேமரன் ஸ்மித் 20 அண்டரில் ஜெயித்தார். உங்கள் மூத்தவருக்கு இது வரப்பிரசாதம் தம்பி. வயதான கைகளுக்கு இழந்த தூரத்தைக் காய்ந்த தரை திருப்பிக் கொடுக்கிறது. ஈரமான வருடம் வந்தால் கார்னூஸ்டி அவருக்குப் பெரும் பாடாக இருக்கும். தள்ளிப்போடவே போடாதீர்கள்.

ஃபீனிக்ஸ்_மணி

இந்த இழையைப் படிப்பவர்கள் "காய்ந்தால் நல்லது" என்று மட்டும் எடுத்துக்கொண்டு அமெரிக்கப் பாலைவனத்துக்கு டிக்கெட் போட்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். இங்கே கணக்கு தலைகீழ்.

அரிசோனாவில் ஜூலையில் மைதானம் அருமையாக இருக்கும். பெர்முடாவுக்கு அதுதான் பருவம். குளிர்காலக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைந்த விலையில் பெரிய ரிசார்ட் மைதானங்களில் விளையாடலாம். கெட்டுப்போவது மனிதன்தான். 2023இல் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல் அடித்தது. மறு வருடம் தொடர்ந்து 113 நாள் 37.8 டிகிரிக்குக் குறையவில்லை. விடியும் முன் முதல் டீ டைம் (ஆட்டம் தொடங்கும் நேரம்) எடுத்து, பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. தலைசுற்றல் வந்தால் ஸ்கோர் கார்டைக் கீழே போட்டுவிட்டு ஏசிக்குள் போய்விடுங்கள், ஹோல் எதுவானாலும் சரி.

விருந்தினர்கள் ஏமாறுவது அக்டோபரில். வெயில் குறைந்தது என்று சந்தோஷமாக வருவார்கள். அப்போதுதான் பல மைதானங்களில் பெர்முடாவை மொட்டையாக வெட்டி, குளிர்காலத்துக்கு ரை விதை தூவுவார்கள். சில வாரம் மூடியே இருக்கும். திறந்த பிறகும் வண்டி பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பார்கள். தண்ணீர்த் தட்டுப்பாட்டால் இப்போது சில இடங்களில் விதை போடுவதையே விட்டுவிட்டு, உறங்கும் பெர்முடா மேல் பச்சை நிறமி தெளிக்கிறார்கள். விளையாட நன்றாகவே இருக்கிறது.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. பாலைவனத்திலும் கலிஃபோர்னியாவிலும் பந்து பாறைப் பக்கம் போனால் டைட்டானியம் தலை உள்ள கிளப்பால் அடிக்காதீர்கள். 2014இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். டைட்டானியம் பாறையில் உரசும்போது தெறிக்கும் பொறி 1,600 டிகிரிக்கும் மேல் சூடு. காய்ந்த சருகில் விழுந்தால் தீப்பற்ற அது போதும். பந்தை எடுத்து வைத்து ஒரு தண்ட அடி ஏற்றுக்கொள்ளுங்கள்.

காவிரிக்கரை

நான் கோல்ஃப் ஆடுகிறவள் இல்லை. பயணப் பகுதியைப் படிக்க வந்து இந்த இழையைப் பார்த்தேன். கேட்காமல் போக மனம் வரவில்லை.

மேட்டூர் எப்போது திறக்கும் என்று வருடா வருடம் காத்திருக்கும் குடும்பத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் சொல்லும் அதே ஃபைஃப் பகுதியில் 2022 ஆகஸ்டில் ஈடன் ஆற்றிலிருந்து நீர் எடுக்கும் உரிமங்களைச் சுற்றுச்சூழல் அமைப்பு நிறுத்தி வைத்தது. அதில் அடிபட்டவர்கள் விவசாயிகள். அதே மாதம் பிரான்ஸில் வீட்டுத் தோட்டத்துக்கும் கார் கழுவவும் தண்ணீர் தடை. கோல்ஃப் கிரீனுக்கு மட்டும் விலக்கு. துலூஸ் அருகே இரண்டு மைதானங்களில் கோபக்காரர்கள் குழிகளில் சிமென்ட் ஊற்றி அடைத்தார்கள். அடைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பயிர் காயும் ஊருக்கு விமானம் ஏறிப் போய்ப் பச்சைப் புல் தேடுவது சரிதானா?

புல்லும்_மண்ணும்

காவிரிக்கரை அம்மா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் தினமும் எதிர்கொள்ள வேண்டிய கேள்வியும்கூட.

பிரான்ஸ் விஷயத்தில் ஓர் அளவைச் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு ஹோல் மைதானம் ஐம்பது ஹெக்டேருக்கு மேல் இருக்கும். கிரீன்கள் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஒரு ஹெக்டேர். விலக்கு அந்தச் சிறு பகுதிக்கு, அதுவும் இரவில், வழக்கமான அளவில் ஒரு பங்குக்குத்தான். கிரீன் செத்தால் மறுபடி உருவாக்க மாதக்கணக்காகும், அதை நம்பி வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். அது ஒரு பக்கம்.

மறுபக்கம், நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஃபேர்வேயும் ரஃப்பும் (ஓரத்து நெடும்புல்லும்) ஜமுக்காளம் விரித்த மாதிரி ஒரே பச்சையாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் தண்ணீரைக் குடிக்கிறது. அந்த ஆசை தொலைக்காட்சி பார்த்து வந்தது. எங்கள் மாநிலத்தில் பைன்ஹர்ஸ்ட் இரண்டாம் எண் மைதானத்தை 2010, 2011இல் பில் கூரும் பென் கிரென்ஷாவும் திருத்தி அமைத்தார்கள். ஓரத்து ரஃப் புல்லை ஏக்கர் கணக்கில் எடுத்துவிட்டு, மணலும் காட்டுப்புல்லும் திரும்ப வரவிட்டார்கள். நீர்த் தெளிப்பான்களில் பாதிக்கும் மேல் போய்விட்டன. 2014இல் அங்கே அடுத்தடுத்த வாரம் ஆண்கள், பெண்கள் யூ.எஸ். ஓபன் இரண்டும் நடந்தன. ஃபேர்வே ஓரமெல்லாம் பழுப்பு. அசிங்கமாக இருக்கிறது என்று நிறையப் பேர் புகார் சொன்னார்கள். ஆட்டம் அருமையாக இருந்தது. 2024இல் அதே மைதானத்துக்கு யூ.எஸ். ஓபன் திரும்பி வந்தது. கிரீன்களையும் 2014 போட்டிக்குப் பிறகு பென்ட்டிலிருந்து பெர்முடாவுக்கு மாற்றிவிட்டார்கள், எங்கள் கோடைக்கு அது தாங்கும் என்பதால். அமெரிக்க கோல்ஃப் சங்கமும் பதினைந்து வருடத்தில் 3 கோடி டாலர் செலவிட்டு, கோல்ஃபின் நீர்ப் பயன்பாட்டை 45 சதவீதம் வரை குறைக்க வழி காட்டுவதாக 2023இல் அறிவித்தது.

அதனால்தான் குமரனைப் போன்றவர்கள் பழுப்பான மைதானத்துக்கு விரும்பிப் போவது முக்கியம் என்கிறேன். விருந்தினர் பச்சையைக் கேட்டால் நிர்வாகம் குழாயைத் திறக்கும். விருந்தினர் பழுப்பை ஏற்றுக்கொண்டால் எங்களால் துணிந்து மூட முடியும்.

காவிரிக்கரை

பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி. விமானம் ஏறிப் போவது பற்றிய என் தயக்கம் தீரவில்லை. ஆனால் கடைசியில் சொன்னதை ஏற்கிறேன். நம் ஊர் கிளப்களிலும் முன்பு கிரீனுக்குப் பதிலாக எண்ணெய் கலந்த மணலை இறுக்கி "பிரவுன்ஸ்" என்று வைத்து ஆடினார்கள் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதிலும் ஆட்டம் நடந்ததுதானே.

லிங்க்ஸ்_லதா

நடந்தது அம்மா. இந்தியாவில் இன்றும் சில பழைய கிளப்களில் அப்படித்தான்.

குமரன் தம்பி, காய்ந்த புல்லின் மேல் நடக்கும் முறையையும் உங்கள் குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். மிதித்த காலடி எழாமல் அப்படியே பதிந்து நின்றால் அந்தப் புல் வாடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தள்ளுவண்டியை அதன்மேல் ஓட்டினால் இரண்டு மூன்று நாளில் சக்கரத் தடம் பழுப்புக் கோடாகத் தெரியும், அந்தக் கோடு செத்த புல். உறங்குகிற ஃபெஸ்க்யூவுக்கும் குருத்து நசுங்கினால் போச்சு. கயிறு கட்டியிருந்தால் சுற்றிப் போங்கள். சிகரெட் பிடிப்பவர் யாராவது இருந்தால் மேட்டுப் புல் பக்கம் கண்டிப்பாக வேண்டாம், அங்கே இருக்கும் கோர்ஸ் (gorse) என்கிற முட்புதர் எண்ணெய் ஊற்றியது போல எரியும்.

கோவை_குமரன்

முடிவு செய்துவிட்டோம், போகிறோம். மூத்தவர் இப்போதே வீட்டு முற்றத்தில் ஏழு அயனை வைத்து உருட்டிப் பழகுகிறார்.

லண்டன் பக்கம் அந்த இரண்டு பார்க்லாண்டுகளை ரத்து செய்தால் பாதிப் பணம் போகும். ஒன்றையாவது மாற்றலாம் என்றால் எங்கே போகலாம் நாதன் அண்ணா? ரத்து செய்யும் முன்னால் அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

சரே_நாதன்

தம்பி, மின்னஞ்சலில "கண்டிஷன் எப்பிடி?" எண்டு மட்டும் கேக்காதேங்கோ. எல்லாரும் "நல்லாயிருக்கு" எண்டுதான் எழுதுவினம். இப்பிடிக் கேளுங்கோ: பதினெட்டு கிரீனும் திறந்திருக்கோ, இல்லாட்டித் தற்காலிகக் கிரீன் ஏதும் போட்டிருக்கோ? உங்கட கிழமையில கிரீனில துளை போடுற வேலை இருக்கோ? தண்ணி எங்கயிருந்து எடுக்கினம், சொந்தக் கிணறோ குளமோ, இல்லாட்டி நகரக் குழாயோ? குழாய்த் தண்ணியை நம்பின கிளப் எண்டா, தடை இறுகினா முதல்ல அடிபடுறது அவைதான். பெரியவருக்கு வண்டி வேணுமெண்டா அதையும் கேளுங்கோ. வெடிப்புக் கனக்க இருந்தா வண்டியை நிப்பாட்டிப் போடுவினம். ரெண்டு தற்காலிகக் கிரீனுக்கு மேல எண்டு பதில் வந்தா, கட்டணத்தில குறைக்கச் சொல்லிக் கேக்கிறதில பிழையில்லை. கனபேர் குறைப்பினம்.

மாத்துறதெண்டா ரெண்டு வழி இருக்கு. சரேப் பக்கத்தில ஹீத்லாண்ட் (ஹெதர் புதர் வளருற மணல் நிலத்து) மைதானங்கள், வோல்டன் ஹீத், சன்னிங்டேல் மாதிரி. வறண்டாலும் நிலம் தாங்கும், ஹெதர் ஆகஸ்டில ஊதாவாப் பூத்துக் கிடக்கும். வார நாளுக்குக் கேளுங்கோ, கட்டணம் கூடத்தான். ரெண்டாவது, கெண்ட் கரை. டீல் பக்கம் ரோயல் சிங்க் போர்ட்ஸ், சாண்ட்விச்சில ரோயல் செயின்ட் ஜோர்ஜஸ், பக்கத்தில பிரின்சஸ். மூண்டும் லிங்க்ஸ். லண்டனில இருந்து ரெண்டு மணித்தியாலக் கார் ஓட்டம். ஸ்கொட்லாந்தில பழகின உருட்டாட்டத்தை அப்பிடியே கொண்டு வந்து ஆடலாம், பெரியவருக்கும் திரும்பத் திரும்ப ஆட்டத்தை மாத்தத் தேவையில்லை. நான் எண்டா பிரின்சஸுக்குத்தான் முதல்ல எழுதுவன். வெளியாக்களை விருப்பமா எடுக்கிற இடம், 27 ஹோல் இருக்கிறபடியா நாள் கிடைக்கிறதும் சுகம்.

திகதி உறுதியானவுடன இஞ்ச போடுங்கோ. எனக்கு அந்தக் கிழமை வேலை இல்லையெண்டா நானும் வாறன்.